தேக்கடி: தண்ணீர் இறங்கினால் யானை, ஏறினால் நெல்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிந்ததும் காதில் விழுகிற முதல் கேள்வி, "பெரியாறு எத்தனை அடி?" என்பதுதான். அனுமந்தன்பட்டி டீக்கடைகளில் பேப்பரை விரித்து நீர்மட்டம் பார்த்த காலம் போய், இப்போது அந்த எண் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. நேற்றைவிட அரை அடி ஏறியிருந்தால் முகத்தில் தெளிச்சி. இறங்கியிருந்தால், நாற்றங்கால் போடலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்று யோசனை.

அந்த எண்ணுக்குச் சொந்தமான இடத்தை இந்த ஊர்க்காரர்கள் அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். பள்ளிக்கூட டூரிலோ, கல்யாணமான புதிதிலோ, வெளியூர் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டோ போயிருப்பார்கள். அதுதான் தேக்கடி ஏரி. போய் வந்தவர்களில் பாதிப் பேர் சொல்லும் குறையும் ஒன்றே: "ஒன்றரை மணி நேரம் படகில் உட்கார்ந்தோம், ஒரு யானை கண்ணில் படலை!"

யானை வராததற்கும் வாட்ஸ்அப்பில் வரும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால், அதே ஏரி வேறு மாதிரி தெரியும். இந்த வாரப் பயணம் அங்கேதான். கிளம்பலாமா?

வழியிலேயே பாதிக் கதை

அனுமந்தன்பட்டி, உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கும் பேரூராட்சி. இங்கிருந்து கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. காலையில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மலைமேல் இருக்கலாம்.

கம்பத்தைத் தாண்டியதும் இருபுறமும் தென்னையும் வாழையும் திராட்சைப் பந்தலும் வந்துகொண்டே இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கலாம். இடையிடையே தெரிகிற நெல்வயல்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைவது, நாம் பார்க்கப் போகும் ஏரியின் தண்ணீரால்தான்.

லோயர் கேம்ப் வந்ததும் ஐந்து நிமிடம் இறங்கிவிடுங்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் இங்கே இருக்கிறது. 2013 ஜனவரியில் திறக்கப்பட்டது. தேனி மாவட்டத்தில் இந்த வெள்ளைக்காரருக்கு இருக்கும் மரியாதையே தனி. வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டப்பட்டிருக்கும். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளில் பாலார்பட்டியில் அவருக்காகவே பொங்கல் வைக்கிறார்கள். தேனியின் புதிய பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

லோயர் கேம்ப்பில் நின்று மலையை அண்ணாந்து பாருங்கள். நான்கு ராட்சதக் குழாய்கள் சரிவில் இறங்கி வருவது தெரியும். ஏரித் தண்ணீர் அவற்றின் வழியாக விழுந்து, அடிவாரத்தில் உள்ள பெரியாறு மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுற்றிவிட்டுத்தான் ஆற்றில் சேர்கிறது. மலைப்பாதையில் வரும் இரைச்சல் பாலத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கவே வேண்டாம். தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் காது அடைத்துப்போகும்.

மலை ஏறி முடிந்த இடம் குமுளி. தமிழ்நாட்டுப் பேருந்து எல்லையிலேயே நின்றுவிடும். நாலு எட்டு வைத்தால் கேரளா. கடைப் பலகையில் எழுத்து மாறும். ஏலக்காய் வாசனையும் நேந்திரம் சிப்ஸ் பொரியும் வாசனையும் சேர்ந்து வரும். உயரம் சுமார் 900 மீட்டர் என்பதால் கீழே இருந்த வெக்கை இங்கே இருக்காது.

காடு ஏரியான கதை

தேக்கடி ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இது காடு. பள்ளத்தாக்குகளின் வழியே பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அதே மலைக்குக் கிழக்கே, மதுரைச் சீமை மழையில்லாமல் காய்ந்தது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டையே சூறையாடியது.

மேற்கே போகும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டால் என்ன? அந்த யோசனை பல வருஷம் காகிதத்திலேயே கிடந்தது. 1886 அக்டோபர் 29-ம் தேதி திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், 999 வருஷம். 1887-ல் வேலை தொடங்கியது. காட்டு வெள்ளம் ஆரம்பக் கட்டுமானங்களை அடித்துக்கொண்டு போனது. மலேரியாவில் தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். ஆனாலும், சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையில் அணை எழுந்தது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

ஆறு நின்றது. தண்ணீர் பள்ளத்தாக்குகளில் ஏறியது. மேடுகள் தீவுகளாயின. பள்ளத்தில் நின்ற மரங்கள் நின்றபடியே மூழ்கின. 26 சதுர கி.மீ. பரப்புக்கு, கை விரல்களை விரித்தது போல ஓர் ஏரி பிறந்தது.

அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன! படகில் போகும்போது தண்ணீரிலிருந்து கருப்புக் கம்பங்கள் போல நீட்டிக்கொண்டிருப்பவை, 1895-க்கு முன்னால் பச்சையாக நின்ற மரங்களின் மிச்சம். தண்ணீருக்குள் காற்றுப்படாமல் இருக்கும் மரம் அவ்வளவு சீக்கிரம் மட்காது. இப்போது அவை பறவைகளின் சொத்து. நீர்க்காகம் அதில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கும். பாம்புத்தாரா அங்கிருந்தே தண்ணீருக்குள் பாயும்.

அலாஸ்காவில் பனியாற்றைப் பார்க்கப் போகிறவர்களின் ரீல்ஸ் போனில் அடிக்கடி வருமே, அங்கேயும் இப்படியொரு அதிசயம் உண்டு. ஜூனோ நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் மெண்டன்ஹால் பனியாறு இருக்கிறது. மலையேறத் தெரிய வேண்டியதில்லை. காரில் போய் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தாலே ஏரியும் அதற்கு அப்பால் பனியும் தெரியும். பக்கத்து ஓடையில் சால்மன் மீன் பிடிக்கக் கருங்கரடி வரும். ஆனால் அந்த ஏரிக்கு வயது ஏறக்குறைய நூறுதான். அதற்கு முன்னால் அந்த இடம் பனிக்கு அடியில் இருந்தது. பனி உருகிப் பின்வாங்கப் பின்வாங்க ஏரி உண்டானது. பனி விலகிய இடத்தில், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய மரக்கட்டைகள் வேரோடு நின்றபடியே வெளியே வந்தன. அங்கே பனிக்குள்ளிருந்து மரம் வெளிவருகிறது. இங்கே மரம் தண்ணீருக்குள் போனது. அதைப் பார்க்க விமானமும் கப்பலும் ஏற வேண்டும். இதைப் பார்க்கக் குமுளி பஸ் போதும்.

படகு கிளம்பியாச்சு

குமுளியிலிருந்து படகுத்துறை சுமார் 4 கி.மீ. சொந்த வண்டியில் வந்தவர்கள் ஆனவச்சால் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, வனத்துறை பேருந்தில் போக வேண்டும். காட்டுக்குள் நூற்றுக்கணக்கான கார்கள் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லை. பேருந்துக்குள் இருக்கும்போதே மரங்களைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். கருமந்தியும், முழங்கை நீளத்துக்கு வாலைத் தொங்கவிட்ட மலையணிலும் இந்த வழியிலேயே கண்ணில் படலாம்.

படகுச் சவாரி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காலை 7.30 மணிக்கு முதல் படகு. மாலை 3.30 மணிக்குக் கடைசிப் படகு. விலங்கு பார்க்க நல்லது இந்த இரண்டும்தான். உச்சி வெயிலில் மனிதர்களே நிழல் தேடும்போது யானை மட்டும் வெட்டவெளியில் ஏன் நிற்கப் போகிறது?

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுங்கள். ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டு, கரையை மட்டும் பார்க்க வேண்டும். கருப்பாகக் கூட்டமாக நின்று, கால் மட்டும் வெள்ளை ஸாக்ஸ் போட்டது போலத் தெரிந்தால் அது காட்டுமாடு. பழுப்பு நிறத்தில் பெரிய மான் தெரிந்தால் மிளா. தண்ணீரில் நாலைந்து தலைகள் முங்கி முங்கி எழுந்தால் நீர்நாய்க் குடும்பம். மேலே ஹெலிகாப்டர் போல இறக்கைச் சத்தம் கேட்டால் இருவாச்சி. செந்நாய்க் கூட்டம் மிளாவைத் துரத்தித் தண்ணீருக்குள் இறக்குவதையும் இந்த ஏரியில் பார்த்தவர்கள் உண்டு. புலி இருக்கிறது. ஆனால் படகிலிருந்து தெரிவது ரொம்ப அபூர்வம். அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

யானைகள் இந்த ஏரியை நீந்தியே கடக்கும். உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், தும்பிக்கை நுனி மட்டும் மேலே. குட்டி இருந்தால் பெரியவை பக்கத்திலேயே அணைத்தாற்போல் நீந்தும். அதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஒரே படகில் இரண்டு மனசு

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் குடும்பங்கள் ஏறிய படகில், கோடைக்காலத்தில், இப்படியொரு பேச்சு காதில் விழாமல் இருக்காது:

"அப்பத்தா, அங்க பாரு! யானை! ஒண்ணு, ரெண்டு... குட்டியும் இருக்கு!"

"பாத்தேன்டா கண்ணு. சத்தம் போடாத, போயிரும்."

பேரன் யானையை எண்ணிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் கண் வேறெங்கோ இருக்கும். மரமெல்லாம் நிற்கும் வரிக்குக் கீழே, பட்டையாகத் தெரியும் செம்மண் கரையில். அது தண்ணீர் இருந்து இறங்கிப்போன தடம்.

"தண்ணி ரொம்ப இறங்கிருச்சே. இந்த வருசம் மொதப் போகத்துக்கு எப்படித் தொறப்பாகளோ..."

இருவரும் பார்ப்பது ஒரே கரையைத்தான். யானை அங்கே வந்து நிற்பதற்குக் காரணமே தண்ணீர் இறங்கியதுதான்.

ஏரி நிரம்பியிருக்கும்போது தண்ணீர் மரங்களின் காலடி வரை வந்துவிடும். கரை என்று ஒன்று இருக்காது. நேராகக் காடுதான். மழைக்காலம் என்பதால் உள்காட்டிலேயே ஓடை, குட்டை எல்லாம் நிறைந்திருக்கும். புல்லும் அங்கேயே கிடைக்கும். யானைக்கு ஏரிப் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை.

ஜனவரி தாண்டி மழை ஓய்ந்து, வயலுக்கும் குடிநீருக்கும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க, மட்டம் மெல்ல இறங்கும். மாதக்கணக்கில் மூழ்கியிருந்த சரிவுகள் வெளியே தெரியும். ஈரமும் வண்டலும் உள்ள அந்த மண்ணில் புல் குபுகுபுவென்று முளைக்கும். உள்காட்டில் ஓடைகள் வற்றும் நேரமும் அதுதான். தின்னப் புல், குடிக்கத் தண்ணீர், இரண்டும் ஒரே இடத்தில்! மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் யானையும் காட்டுமாடும் மிளாவும் காட்டுப்பன்றியும் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வருவது இதனால்தான்.

ஆக, சுற்றுலாப் பயணி "ஆஹா, என்ன தரிசனம்!" என்று திரும்பும் மாதங்கள், வயல்காரர் வானத்தைப் பார்க்கும் மாதங்கள். அவர் "நிரம்பிருச்சுய்யா" என்று சிரிக்கும் மாதங்கள், இவர் "ஒண்ணுமே தெரியலையே" என்று சலித்துக்கொள்ளும் மாதங்கள்.

104-ல் நிற்கும் கணக்கு

இங்கே இன்னொரு எண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புப்படி அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம். அந்த வருஷம் நவம்பரில், 35 வருஷத்துக்குப் பிறகு, மட்டம் 142-ஐத் தொட்டபோது பள்ளத்தாக்கில் இனிப்பு கொடுத்தார்கள். அணை பற்றி இரண்டு மாநிலங்களுக்கும் இருக்கும் வழக்கு வாதங்கள் தனிக் கதை. அவை இந்தப் பயணத்தில் வேண்டாம்.

மேல் எல்லை 142. கீழ் எல்லை எது? ஏரித் தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வருவது தேக்கடித் தலைமதகு வழியாக, மலையைக் குடைந்த சுரங்கத்தில். அந்தச் சுரங்கத்தின் வாய் 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கிய தண்ணீரை எடுக்க வழியில்லை. எவ்வளவு வறட்சி வந்தாலும் ஏரியில் அவ்வளவு தண்ணீர் இருந்தே தீரும்.

பொறியாளர்கள் அதை யானைக்கென்று ஒதுக்கவில்லை. மலையின் அமைப்பும் சுரங்கத்தின் மட்டமும் அப்படி அமைந்தன. ஆனால் பலன் என்னவோ அதுதான். 104-க்கு மேலே உள்ளது கழனிக்கு. கீழே உள்ளது காட்டுக்கு. கோடையின் உச்சத்திலும் யானைக்கும் நீர்நாய்க்கும் மீனுக்கும் தண்ணீர் உண்டு. உலகில் பெரியாற்றைத் தவிர வேறெங்கும் கிடையாத மீன் இனமும் இந்த நீர்ப்பரப்பில் வாழ்கிறது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த திலாப்பியாவும் கெண்டையும் பெருகி, அதற்குப் போட்டியாக இருப்பதுதான் கவலை.

காட்டின் பங்கு காட்டுக்குக் கிடைப்பதால் கழனிக்கும் லாபம்தான். மழையை வாங்கி, உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஏரிக்கு விடுவது சுற்றியுள்ள காடு. மரம் இல்லாத மலையில் பெய்யும் மழை மண்ணை அடித்துக்கொண்டு வந்து ஏரியை மேடாக்கிவிடும். 1934-ல் நெல்லிக்காம்பட்டி வேட்டைத் தடைக் காடாகத் தொடங்கி, 1950-ல் சரணாலயமாகி, 1978-ல் புலிகள் காப்பகமான பெரியாறு வனத்தின் பரப்பு இன்று 925 சதுர கி.மீ. அது இருப்பதால்தான் ஏரி ஏரியாக இருக்கிறது. அனுமந்தன்பட்டி வயலில் பாயும் தண்ணீர், யானை நடந்த மண்ணில் ஊறி வந்த தண்ணீர்.

பட்டை உரித்தவர்களே காவல்

இந்தக் காட்டுக்கு இன்னொரு பெருமை உண்டு. ஒரு காலத்தில் இங்கே 'வயணா' என்ற காட்டு லவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்துவதே சிலருக்குத் தொழில். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்கு அத்துப்படி. 1990-களின் கடைசியில், சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து பேசியது. வழக்குகளால் அலைந்து ஓய்ந்திருந்தவர்கள் சம்மதித்தார்கள். கடத்தப் போன அதே தடங்களில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டிகளானார்கள். கூடவே ரோந்தும் போனார்கள். திருடத் தெரிந்தவருக்குத் திருடனின் வழியும் தெரியும் அல்லவா?

ஆண்கள் மட்டும் அல்ல. 2002-ல் உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்து 'வசந்த சேனை' என்று ஒரு குழு அமைத்தார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, முறை போட்டுக்கொண்டு, சிறு குழுவாகக் காட்டோரம் ரோந்து சுற்றுகிறார்கள். சம்பளம் வாங்காமல்!

ஏரி உண்டாவதற்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள் மன்னான், பளியர் பழங்குடி மக்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று மன்னான் மக்கள் சொல்வார்கள். இப்போது அவர்கள் குடியிருப்பு குமுளி அருகே. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மூங்கில் தெப்பத்தில் ஒருவர் அமைதியாக வலை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால், கை அசைத்துக் கத்தாமல் கடந்து போங்கள். அவர் வேலையில் இருக்கிறார்.

உட்கார்ந்தே பாருங்கள்

சந்தோஷமான பயணத்தில் ஒரு துக்கத்தையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2009 செப்டம்பர் 30-ம் தேதி மாலை, இந்த ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரட்டைத் தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கு தெரிந்ததும் பலரும் எழுந்து ஒரே பக்கம் திரண்டார்கள், படகு சாய்ந்தது என்று அப்போது செய்திகள் சொல்லின.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. உயிர்காக்கும் மேலங்கி எல்லோருக்கும் கட்டாயம். "வெக்கையா இருக்கு" என்று பாதி வழியில் கழற்றாதீர்கள். பிள்ளைகளுக்குப் பட்டையை நீங்களே இழுத்துப் பாருங்கள். யானை எந்தப் பக்கம் தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழ வேண்டாம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தால் படகு திரும்பும் வரை காத்திருங்கள். போனில் நல்ல படம் கிடைக்காமல் போகலாம். போகட்டும்.

சத்தமும் அப்படித்தான். ஒருவர் விசிலடித்தால் அறுபது பேருக்கு யானை இல்லாமல் போகும். குட்டியோடு இருக்கும் யானைக்கு அது வெறும் சத்தமில்லை, ஆபத்தின் அறிகுறி. குட்டி தண்ணீர் குடித்து முடிக்காமலே கூட்டம் திரும்பி நடக்கும். வெயில் காலத்தில் அந்த ஒரு வாய் தண்ணீர் அதற்குப் பெரிது.

கிளம்புமுன் கவனிக்க

* யானை பார்க்க ஆசையா? பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை போங்கள். நிரம்பிய ஏரியும் மேகம் தொடும் மலையும் பார்க்க ஆசையா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

* படகு டிக்கெட்டுக்கு இணைய முன்பதிவு உண்டு. நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களில் கூட்டம் அதிகம். சாதாரண வார நாள் உத்தமம்.

* தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் எவர்சில்வரில் இருக்கட்டும். குரங்குகள் கையிலிருந்தே பறித்துவிடும். பையை மூடியே வையுங்கள். பாவம் என்று பிஸ்கட் போடாதீர்கள்.

* பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடை வேண்டாம். பச்சை, பழுப்பு நல்லது. காலை முதல் படகுக்கு மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும்.

* மழைக்காலத்தில் காட்டு நடை போகிறவர்களுக்கு அட்டைக்கடி நிச்சயம். அதற்கென்று உறை கொடுப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்கள் நடையை விட்டுவிட்டுப் படகோடு நிறுத்திக்கொள்ளலாம்.

* ஒரு பைனாகுலர் கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். போன் ஜூமில் யானை வெறும் கருப்புப் புள்ளிதான்.

* சுற்றுலாப் படகுகள் அணை வரை போவதில்லை. அணையைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

இரண்டு முறை போங்கள்

வழக்கமாக ஜூன் 1-ம் தேதி, முதல் போகத்துக்காகத் தேக்கடித் தலைமதகைத் திறப்பார்கள். பூத்தூவி, கையெடுத்துக் கும்பிட்டு. நீர்மட்டம் போதாத வருஷங்களில் அந்த நாள் தள்ளிப்போனதும் உண்டு. திறந்த தண்ணீர் சுரங்கம் கடந்து, குழாய்களில் இறங்கி, மின்சாரமாகி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வயல்களைத் தொட்டுக்கொண்டே போய் வைகையில் சேரும். மதுரைக்குக் குடிநீராகும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்கள் அதைப் பார்த்திருக்கின்றன.

முடிந்தால் தேக்கடிக்கு ஒரே வருஷத்தில் இரண்டு முறை போங்கள். ஏப்ரலில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை. ஏப்ரலில் பிள்ளைகள் யானையை எண்ணட்டும். அந்தச் செம்மண் கரையைக் காட்டி, "இங்கிருந்து இறங்கின தண்ணிதான் நம்ம தட்டுல சோறா இருக்கு" என்று சொல்லுங்கள். நவம்பரில் அதே இடத்துக்குப் போனால் கரை இருக்காது. யானை நின்ற இடத்தில் படகு போகும். யானை எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், மேலே காட்டைக் காட்டுங்கள்.